யோசனைக்கு ஒரு வெட்டு உண்டு

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா சொல்லி எழுத வைப்பது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் அளவில் சுகம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் மேலே சொல்கிறேன். எழுதுகிற கை மாடிவீட்டு டைப்பிஸ்டம்மாவுடையது. உனக்கு நினைவிருக்கும், கோர்ட்டில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவர், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் பின்னலைப் பார்த்து வலதுபக்கம் கோணல் என்று ஜன்னலிலிருந்து கத்துவாரே, அவரேதான். நான் பேச்சில் சொல்வதை அவர் எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறார், மாற்றாதீர்கள் அம்மா என்றால் கை கேட்க மாட்டேன் என்கிறதாம், ஆயுள் முழுக்க அடுத்தவன் வாக்குமூலத்தைத் திருத்தித் திருத்திப் பழகிய கை. போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். வீட்டுப் போன் உன் அம்மா இடுப்பில் இருக்கிறது, அதை எடுக்க முடியாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டைப்பிஸ்டம்மா தன் போனிலிருந்தே கூப்பிட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பதறி வைத்துவிடுவாய், எழுத்து என்றால் கடைசி வரை படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய், சின்ன வயசிலிருந்தே உன் குணம் அது. எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாராம், தெரியாத நம்பர் என்று தள்ளிவிடாதே.

செய்தி என்று பார்த்தால், மில்லில் பெரிய ரம்பத்தை மாற்றிவிட்டார்கள், புதுசு சளிப் பிடித்தவன் தும்முவது மாதிரி சத்தம் போடுகிறது. நான் இப்போதும் இடையிடையே போய் மரத்தைத் தட்டிப் பார்த்து நல்லது பொல்லாதது சொல்லிவிட்டு வருகிறேன், சும்மா உட்கார்ந்தால் முழங்கால் துருப்பிடித்துவிடும். உன் தாய்மாமனுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று, கட்டைப் பிரித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததாம், முதலில் தெரிந்தது உன் அத்தையின் முகம், இத்தனை வருஷம் மங்கலாகவே ஓடினது நல்லதுக்குத்தான் போல என்று சொல்லி ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறான், அவனுடைய நாளைக்கு வயசாகிவிட்டது. கூரைத் தகரத்தில் உன் அறைப் பக்கம் மட்டும் ஓர் ஓட்டை, கீழே வாளி வைத்திருக்கிறேன், உன் புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியாயிற்று, அதைப் பற்றி நீ விசாரப்பட வேண்டாம்.

இனி உன் அம்மா. எப்படி இருக்கிறாள் என்று டைப்பிஸ்டம்மா கேட்டார், ஒரே யோசனையாக இருக்கிறாள் என்றேன். அவர் உடனே ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியிருக்கிறாள் என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். அடித்துவிடுங்கள் என்றேன். நல்ல தமிழ்தானே, ஏன் என்றார். மூழ்கினவளுக்கு வெளியே நடப்பது காதில் விழாதே அம்மா, இவளுக்கு எங்கே ஒரு இரும்பு அசைந்தாலும் கேட்கிறதே, இது எப்படி மூழ்கினதாகும் என்றேன். சிந்தனை என்ற சொல்லை நான் மைக்கில்தான் கேட்டிருக்கிறேன், மேடையில் நிற்கிறவர்கள் சிந்தியுங்கள் சிந்தியுங்கள் என்பார்கள், கூட்டத்தில் யாரும் சிந்தித்து நான் பார்த்ததில்லை, கலைந்து வீட்டுக்குத்தான் போவார்கள். அப்படியானால் வேறு எது என்று அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது, பெட்டியைத் திறந்து துணி எடுத்துப் போடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போட்டார். ஆலோசனையா என்றார். அதற்கு இரண்டு பேர் வேண்டும், இவள் என்னிடமே வாய் திறப்பதில்லை. மனசுக்குள் அசைபோடுகிறாளோ என்றார். மாடு தின்றதைத்தான் அசைபோடும், உள்ளே ஒன்று போயிருக்க வேண்டும், இவளுக்கு அது உள்ளேயே வரவில்லை, வாசலோடு நின்றுவிட்டது. அப்போது கவலை என்றார். கவலை வரப்போவதைப் பற்றி, இது போனதைப் பற்றி. நினைப்பு என்று போடட்டுமா என்றார். நினைப்பு தானாக வரும், தானாகப் போகும், பல் தேய்க்கும்போது வரும், பஸ் வந்ததும் போய்விடும், எனக்கு வருவது அதுதான். அவளுக்கு வந்தது போகவில்லை. டைப்பிஸ்டம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்குக் கடுதாசி எழுதுறதுக்கு ஜட்ஜுக்குத் தீர்ப்பு அடிச்சுக் குடுக்கிறது தேவலைங்க என்றார்.

யோசனை என்றால் எனக்கு மில் மேஸ்திரிதான். பெரிய மரம் ஒன்று இறங்கினால் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார், குனிந்து பார்ப்பார், தட்டுவார், வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவுவார். நாங்கள் யாரும் பேச மாட்டோம். என்ன மேஸ்திரி என்று புதிதாக வந்தவன் எவனாவது கேட்டுவிட்டால், பொறுடா யோசனை பண்றேன்ல என்று ஒரு சீறல். கடைசியில் கோட்டைப் போட்டு, ம், வெட்டு என்பார். ரம்பம் இறங்கிய பிறகு அந்த மரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார், கோணலாகப் போனாலும் சரி, பலகை பலகைதான், அதைக் கொண்டுபோய் அடுக்கு என்பார். யோசனைக்கு ஒரு வெட்டு உண்டு. வெட்டே இல்லாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் யோசனை இல்லை, குடைச்சல். வண்டு விழுந்த மரத்தை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, காதை வைத்தால் உள்ளே கரகர என்று கேட்கும், அடியில் நைசாக மாவு கொட்டியிருக்கும். உன் அம்மா வெளியே பார்க்க எப்போதும் போலத்தான் இருக்கிறாள். மாவு கொட்டுகிறது சின்னவளே.

எங்கே வண்டு விழுந்தது என்று இப்போது சொல்கிறேன், இதுவரை உனக்குச் சொன்னதில்லை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். உன் அண்ணன் மில் லாரியோடு மலை இறக்கத்தில் போய்ச் சேர்ந்தான் என்பது உனக்குத் தெரியும். அன்று காலையில் நம் வாசலில் நடந்தது தெரியாது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை, சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லாததை எப்படி எடுத்துச் சொல்வது. அவன் லாரியைச் சந்தில் நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், போயிட்டு வரேம்மா என்றான், ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியும்விட்டான். பிறகு என்ன தோன்றியதோ, ஓடுகிற இஞ்சினை அப்படியே விட்டுவிட்டு இறங்கித் திரும்பி வந்தான். உன் அம்மா கம்பிக்கதவுக்கு உள்ளே துடைப்பத்தோடு நின்றாள். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தான். அந்தத் தாழ்ப்பாள் எப்படிக் கிறீச்சிடும் என்று உனக்குத் தெரியும். அம்மா, ஒண்ணு சொல்லணும் என்றான். சொல்லுடா என்றாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து உள்ளே வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னால் தண்ணீர் லாரிக்காரன் வந்து நின்று, சந்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாயே என்று விடாமல் ஹாரன் அடித்தான். உன் அண்ணன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், சரி அப்புறம் சொல்றேன் என்றான், காலை மறுபடி செருப்பில் நுழைத்துக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான். இதில் ஒன்றும் இல்லை பார்.

அந்த ஒன்றும் இல்லாததைத்தான் உன் அம்மா அன்றிலிருந்து சுற்றி வருகிறாள். என்னவாக இருக்கும் என்று. முதலில் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அத்தனையும் எனக்கு நினைவிருக்கிறது. வயிற்றுவலியாக இருக்குமோ, இரண்டு நாளாக முகம் சரியில்லை. லாரி வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தானோ. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று பயந்தானோ. யாராவது பெண்ணைப் பிடித்திருந்ததோ, அதனால்தான் சிரித்தானோ. இல்லை, சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது, அதைத் தைக்கச் சொல்லவோ. பெரிசு சின்னது என்று இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே நிறையாக வைத்துப் பார்ப்பாள். சாயங்காலம் பாத்திரம் தேய்ப்பாள், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், போய்ப் பார்த்தால் கை தொட்டியில் இருக்கும், ஆள் வாசலில் இருப்பாள். உடம்பு நகர்ந்திருக்காது, ஆனால் ஆள் அங்கேதான். கூப்பிட்டால் திரும்புவாள், அந்த ஒரு கண நேரம் அவள் முகம், யாரோ பேசிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே புகுந்துவிட்ட மாதிரி இருக்கும். பிறகு என்னிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயம். வாய்வழியாக வந்துகொண்டிருந்தது உள்ளுக்குள் திரும்பிவிட்டது.

தாழ்ப்பாள் காற்றுக்கும் அசையும். மத்தியானம் சந்தில் ஈ காக்கை இருக்காது, ஒரு கிறீச், அவள் எழுந்து போய் நிற்பாள். எனக்குப் பொறுக்கவில்லை, மில்லிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் நன்றாக விட்டேன். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. மறுநாள் பார்த்தால் உன் அம்மா பழைய துணியை வைத்துக்கொண்டு அந்த எண்ணெயை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன்டி என்றேன். சத்தம் இல்லாம வந்து நின்னா எனக்கு எப்படித் தெரியும் என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துவிட்டாள், எண்ணெயில அழுக்கு ஒட்டுதுங்க, அதான் என்றாள். அன்றைக்கு மத்தியானம் கிறீச் என்றபோது நானும் எழுந்துவிட்டேன், உண்மையைச் சொல்வதென்றால் அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

டாக்டரிடம் போனோம். நல்ல மனுஷன்தான், நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், அம்மா ரொம்ப சிந்திக்கிறாங்க, சிந்தனையைக் குறைச்சுக்கணும் என்றார். வெளியே வந்து படியிறங்கும்போது, உப்பைக் குறைன்னாங்க குறைச்சேன், சீனியைக் குறைன்னாங்க குறைச்சேன், இதை எந்த ஸ்பூனால அளக்கிறது என்று உன் அம்மா கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. நெடுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தது அந்த ஆஸ்பத்திரிப் படியில்தான்.

உன் தாய்மாமனுக்கு அக்கா இப்படி இருப்பது தாங்கவில்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்தான், டீயைக் குடித்துவிட்டு, அக்கா, உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன், அன்னைக்கு முதல்நாள் மாப்ளே என்கிட்ட பேசினான், நம்ம அப்பாவோட பழைய கைக்கடிகாரம் உன்கிட்ட இருக்குல்ல, அதைத் தனக்குக் குடுப்பியான்னு உன்கிட்ட கேட்கணும்னு சொன்னான், அதைத்தான் கேட்க வந்திருப்பான் என்றான். கதையை நன்றாகக் கட்டியிருந்தான், எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிவிட்டது. உன் அம்மா முழுசாகக் கேட்டாள். எழுந்து போய் அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். இதை நீயே வெச்சுக்கோடா, நல்ல மனசுடா உனக்கு, ஆனா கடிகாரம் கேட்கிறதுக்கு அவன் எதுக்கு செருப்பைக் கழட்டணும், வாசல்ல நின்னே கேட்டிருப்பானே என்றாள். மாமன் கடிகாரத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போனான். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, சொல்ல வந்தது என்ன என்பதைக்கூட அவள் கடந்துவிட்டாள், அவன் உள்ளே வைத்த அந்த ஒரு காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்து சொல்ல வேண்டியது ஏதோ அது. அந்த இடத்தில் நான் என்ன சொல்லி அவளைத் திருப்புவது. எனக்கும் அந்தக் கால் தெரிகிறது, சின்னவளே. பெருவிரல் நகம் கருத்திருந்தது, கட்டை விழுந்து நசுங்கினது. அது தெரிகிறது.

இதெல்லாம் இப்படியே ஒரு மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது, நாங்களும் அதோடு வாழப் பழகிவிட்டோம். இப்போது எழுத வைப்பதற்குக் காரணம் நீ. போன செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து போன் பண்ணினாயே, எல்லாம் பேசினாய், குளிர் அதிகம் என்றாய், பக்கத்து மேஜைக்காரி லீவு என்றாய், முடிக்கப் போகும்போது, அம்மா ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தாய். அங்கே யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், அது எங்களுக்கும் கேட்டது. சரிம்மா அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டாய். உனக்கு அது பேச்சோடு போன பேச்சு. நீ அறிந்து சொன்னதில்லை, உன்மேல் குற்றமே இல்லை, இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெறும் போன். எவ்வளவோ நேரம் வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து போனை இடுப்பைவிட்டு எடுப்பதில்லை. குளிக்கப் போனால் குளியலறை வாசலில் முக்காலி போட்டு அதன்மேல் வைக்கிறாள், மிக்சி போடுவதில்லை, மணி அடித்தால் கேட்காதாம். பிளம்பர் வராதது கூட வினையாயிற்று, குழாய் சொட்டுகிற சத்தத்துக்கே அவனைத் திட்டுகிறாள், அந்தச் சொட்டில் போன் சத்தம் அமுங்கிவிடுமாம். சாப்பாடு இரண்டு வாய், அதற்கு மேல் தட்டைத் தள்ளிவிடுகிறாள். நானே கூப்பிட்டுக் கேட்கிறேன் கொடு என்றால், கூடாது, கேட்டா அவ பயந்துபோய் ஒண்ணுமில்லம்மான்னு மாத்திச் சொல்லிடுவா, அவளா சொல்லணும் என்கிறாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள் என்று சமாதானம் சொன்னேன். அதற்கு அவள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள், அதைக் கேட்ட பிறகுதான் நான் மாடிப்படி ஏறி டைப்பிஸ்டம்மா கதவைத் தட்டினேன். ஏங்க, பேசும்போது அவ செருப்பு போட்டிருந்தாளா, கழட்டியிருந்தாளா என்றாள்.

ஆகவே சின்னவளே, அந்த விஷயம் எதுவோ அதைச் சொல்லிவிடு. வேலை போய்விட்டதா, சொல். யாரையாவது மனசுக்குப் பிடித்திருக்கிறதா, எந்த ஊர், எந்த மனுஷராக இருந்தாலும் சொல். உடம்பில் ஏதாவது கண்டிருக்கிறதா, அதையும் மறைக்காமல் சொல். இந்த வருஷமும் வர முடியாது என்பதா, அதுவும் சரி. வெறுமனே புதுப் போர்வை வாங்கினேன் என்பதாக இருந்தால் அந்தப் போர்வையின் நிறத்தைச் சொல். நல்லதா கெட்டதா என்பதல்ல இப்போது. கெட்டதாக இருந்தாலும் அறுத்த பலகை, எங்கே அடுக்குவது என்று நானும் அவளும் பார்த்துக்கொள்வோம், இதைவிடப் பெரிய மரத்தையெல்லாம் இந்த வீடு இறக்கியிருக்கிறது. ஆறப்போட்டு, நேரம் பார்த்து, பதமாகச் சொல்லலாம் என்று நீ எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விடு. நீ ஒரு பக்கம் ஆழமாக யோசித்துக்கொண்டிருப்பாய், இங்கே ஒருத்தி அதன் அடியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒன்று மட்டும், அவளைத் தேற்றுவதற்காக எதையும் கட்டிச் சொல்லாதே. மாமனுக்கு ஆனதைத்தான் சொன்னேனே. உன் அண்ணன் சொல்ல வந்ததை நாம் யாரும் இனிக் கொண்டுவர முடியாது, அந்த வெட்டு விழாமலேயே போகட்டும், அதோடு நாங்கள் இருந்துகொள்கிறோம். உன்னுடையது உன் வாயில் இருக்கிறது. வாசலில் இரண்டு பேர் நிற்க இடமில்லை அம்மா.

டைப்பிஸ்டம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், தூசி என்கிறார், இருக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும், எங்கே இருந்தாலும் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து இருக்க வேண்டும், எங்கள் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உனக்கே சேரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நான் எழுதினதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே, நீயாகக் கூப்பிட்ட மாதிரியே இருக்கட்டும். ஒரே ஒரு ஞாபகம் வைத்துக்கொள். ஆபீஸ் நடையில் நின்றுகொண்டு கூப்பிடாதே, யாரும் உன்னைக் கூப்பிடாத நேரமாகப் பார். அறைக்குப் போ, கதவைச் சாத்து, உட்கார். அவள் ஹலோ என்றதும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போகாதே, முதலில் இதைச் சொல். அம்மா, உள்ளே வந்துட்டேன், ரெண்டு செருப்பையும் கழட்டிட்டேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்துக்குப் பதிலாக, நல்ல மரத்துக்கு நான் போடுகிற பெருக்கல் குறி)